இயந்திரம் ‘நில்’ என்று சொன்னால்...

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, “ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா யாருக்கும் தூக்கம் வராம பேசு” என்றார். அதனால் ரோலர் கோஸ்டரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கேளிக்கைப் பூங்கா ராட்டினங்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் இப்போது என் பிழைப்பு.

பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் எஞ்சின் கிடையாது. சங்கிலி உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விடும். மீதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஏறும்போது ‘கடகட’ன்னு ஒரு சத்தம் கேட்கும். பயந்துடாதீங்க, அது நல்ல சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாதபடி, ஒரு இரும்பு நாக்கு பற்சட்டத்தில் ஒவ்வொரு பல்லாக விழுகிற சத்தம் அது. 1972 மே 30 அன்று லண்டன் பாட்டர்சீ பூங்காவில் ரயில் இழுவைக் கயிற்றிலிருந்து விடுபட்டது. பின்னால் உருளாமல் தடுக்க வேண்டிய அமைப்பும் கைவிட்டது. ஐந்து குழந்தைகள் இறந்தார்கள்.

தலைகீழாகப் போகும்போது ஏன் கழன்று விழுவதில்லை? தண்டவாளத்துக்கு மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று வகைச் சக்கரங்கள் கவ்விக்கொண்டிருக்கின்றன. அடிச்சக்கர அமைப்புக்கு ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

அடுத்தது ‘பிளாக்’. நம்ம ரயில்வேயில் இருப்பதுதான். தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்று வைப்பார்கள். முன்னால் இருக்கும் பகுதி காலியாகாவிட்டால் பின்னால் வரும் ரயிலைக் கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். இவ்வளவும் இருந்தும் விபத்து எப்படி நடக்கிறது?

இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ‘ஸ்மைலர்’ என்று ஒரு ரோலர் கோஸ்டர். பதினான்கு முறை தலைகீழாகச் சுழலும், உலக சாதனை. 2015 ஜூன் 2 அன்று பழுது ஒன்றைச் சரிசெய்தபின் காலி ரயிலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது பாதி வழியில் நின்றுவிட்டது. அடுத்து 16 பேருடன் கிளம்பிய ரயிலைக் கம்ப்யூட்டர் சரியாகவே பிடித்து நிறுத்தியது. ஆனால் தடத்தில் எத்தனை ரயில் ஓடுகிறது என்பதில் ஆட்களுக்குள் குழப்பம். ‘சும்மா நிக்குது’ என்று நினைத்து, கம்ப்யூட்டரை மீறி ரயிலை விட்டார்கள். மோதியதில் இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். 2016-ல் நீதிமன்றம் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தண்டவாளத்திலோ கன்ட்ரோல் சிஸ்டத்திலோ கோளாறு இல்லை. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த சரியான நடைமுறையும் பயிற்சியும்தான் இல்லை.

2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், உயரக் கோபுரத்திலிருந்து விழும் ராட்டினத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவி இறந்தான். அவன் இருக்கையின் சென்சாரைக் கையாலேயே மாற்றி அமைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. தோள் கவசம் சரியாக இறங்காமலேயே ‘எல்லாம் சரி’ என்று காட்டும்படி அது இருந்தது.

இதையெல்லாம் ஊரார் கதையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. படிப்பு முடித்து இரண்டாம் வருஷம், ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் எஞ்சினியராக இருந்தேன். ஒரு பிரஸ் மெஷினில் பாதுகாப்புக் கதவின் லிமிட் சுவிட்ச் அடிக்கடி மெஷினை நிறுத்தியது. “டெஸ்பாட்ச் போகணும், ஏதாவது பண்ணு” என்றார்கள். நான் ஒரு ஜம்பர் ஒயர் போட்டேன். காலையில் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று நைட் ஷிப்டில் கதவைத் திறந்து, சிக்கிய துண்டை எடுக்கக் கை விட்டார் ஹெல்பர் அண்ணன் ஒருவர். இரண்டு விரல் போயிற்று.

அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. “கதவைத் திறந்தா மெஷின் நிக்கும்னு நம்பித்தானே தம்பி கைய விட்டேன்” என்றார்.

அறிக்கையைத் திருத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுக்க ஆறு மாசம் ஆச்சு. அவ்வளவு பயம். திருத்திய பிறகுதான் அவருக்கு நஷ்டஈடு வந்தது. அந்த ஆறு மாசத்தை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. இதை ஒரு மேடையில் சொல்வது இதுவே முதல் தடவை.

தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்கு ஒரு கன்ட்ரோல் பேனல் முன்னால் நிற்பீர்கள். மெஷின் நின்றால் முதல் சந்தேகம் மெஷின் மேல் வர வேண்டாம். ரீசெட் அழுத்துமுன் நேரில் போய்க் கண்ணால் பாருங்கள். ஷிப்ட் மாறும்போது வாயால் சொன்னால் போதாது, புத்தகத்தில் எழுதுங்கள். பாதுகாப்பு சுவிட்சை பைபாஸ் பண்ணச் சொன்னால், “எழுத்துல கொடுங்க சார்” என்று கேளுங்கள். அனேகமாகக் கொடுக்க மாட்டார்கள். அப்போ நீங்களும் செய்யாதீங்க.

பூங்காவுக்குப் போகும்போதும், உயர அளவுக்காகக் குழந்தையை ஏற்றாமல் திருப்பி அனுப்பினால் ஆபரேட்டரோடு சண்டை போடாதீர்கள். தோள் கவசம் தளர்வாக இருந்தால் கை தூக்கிச் சொல்லுங்கள். கோ-கார்ட் ஓட்டும் தங்கைகள் கூந்தலையும் துப்பட்டாவையும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். பின்னால் சுழலும் அச்சு எதையும் விடாது.

எங்கள் ஒர்க்ஷாப் சார் லேத் ஓட்டுமுன் ஒவ்வொருவர் சட்டைக் கையையும் மடித்துவிடச் சொல்வார். அப்போது பின்னால் நின்று சிரித்தவன் நான். சார் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், தாமதமாகத்தான் புரிந்தது. மன்னிக்கணும்.