கேட்பதும் அறிவிப்பதும்



பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்பது ஆசிரியர் வழக்கம். "புரிந்தது, ஐயா" என்று ஒரே குரலில் விடை வரும். அது கேள்வியே அன்று என்பதை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின. நியூசிலாந்தின் கடற்கரை நிலங்களில் கட்டட வேலைக்கு அனுமதி கோருவோர், அங்குள்ள மாவோரி மக்களைக் கலந்தாலோசிக்கும் முறையைப் பற்றிப் படித்தபொழுது, அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது.

1840 பிப்ரவரி 6ஆம் நாள் வைத்தாங்கி என்னும் இடத்தில், ஆங்கில அரசும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆங்கில வாசகம் முழு இறைமையையும் அரசுக்கு அளித்தது. மாவோரி வாசகமோ ஆளும் பொறுப்பை மட்டுமே அளித்து, நிலத்தின்மேலும் ஊர்களின்மேலும் முழு உரிமை தலைவர்களுக்கே உண்டு என்றது. பெரும்பாலோர் கையொப்பமிட்டது மாவோரி வாசகத்தில்தான். இந்த முரண்பாட்டால் விளைந்த முறையீடுகளை ஆராய 1975இல் ஒரு நடுவர் மன்றம் அமைந்தது.

அதன்முன் வந்த வழக்குகளுள் ஒன்று தாரனாக்கிக் கடற்கரையைப் பற்றியது. மோட்டுனுயி என்னுமிடத்தில், இயற்கை வாயுவிலிருந்து பெட்ரோல் செய்யும் ஆலையின் கழிவைக் கடலில் விடத் திட்டமிட்டார்கள். அருகிலிருந்த பாறைத் திட்டுகளிலே தே ஆத்தி ஆவா இனத்தார் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி எடுத்து வந்தார்கள். அக்கரையில் ஏற்கெனவே ஊர்ச் சாக்கடையும் கலந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் கழிவின் அளவைக் கணக்கிட்டார்கள்; உணவு எடுக்கும் நீரில் மனிதக் கழிவு கலப்பதே தகாது என்பது மாவோரிகளின் நெறி. விருந்தினர்க்குத் தம் கரையின் சிப்பியைப் படைக்க இயலாமற் போனால் அவர்களுடைய 'மனா' குன்றிவிடும். அச்சொல்லுக்கும் நம் 'மானம்' என்ற சொல்லுக்கும் உறவு கற்பிக்க நான் துணியேன். பொருள் மட்டும் அருகில் நிற்கிறது. 1983இல் மன்றம் அவர்கள் பக்கம் நின்றது. முதலில் தயங்கிய அரசு, பின்னர்ப் புதிய கழிவுக் குழாய்த் திட்டத்தைக் கைவிட்டது.

1991இல் இயற்றப்பட்ட இயற்கை வள மேலாண்மைச் சட்டம், முன்னோர் நிலத்தோடும் நீரோடும் மாவோரிகளுக்குள்ள தொடர்பை நாட்டு முக்கியத்துவம் உடையதாக ஏற்றது. நிலத்துக்கும் நீருக்கும் காவலராயிருக்கும் 'கைட்டியாக்கிட்டாங்கா' என்ற அவர்களுடைய கருத்தும் சட்டத்திலே இடம்பெற்றது. ஆயினும் விண்ணப்பதாரர் எவரையும் கலந்தாலோசித்தே தீரவேண்டுமென்ற கட்டாயம் இல்லையென்று 2005இல் ஒரு திருத்தம் கூறியது! விவரம் அறிந்தவர்கள் அதை நம்பிச் சும்மா இருப்பதில்லை. வரைபடம் தீட்டுமுன்பே, 'மராயெ' என்னும் ஊர்க் கூடத்துக்குச் சென்று அமர்ந்து பேசுவார்கள்.

சென்று பேசினால் போதுமா? யாரிடம் பேசுவது என்பதல்லவா கடினம்? ஆக்லந்து நகருக்கருகே, மனுகாவ் துறைமுகக் கரையில், இஹுமாட்டாவோ என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள நிலத்தை 1863இல் அரசு பறித்துக்கொண்டது. பின்னர் அது தனியார் கைக்குப் போயிற்று. அங்கே ஏறத்தாழ 480 வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் முற்பட்டபொழுது, இனத்தின் சார்பாகப் பேசும் அமைப்பு அதனோடு உடன்பாடு கண்டது. ஊரிலிருந்த இளைஞர் சிலரோ, "எங்களை யார் கேட்டார்கள்?" என்றனர். ஒரே உறவினருள் இரு பக்கம்! இளைஞர்கள் அந்நிலத்திலேயே தங்கிவிட்டார்கள். 2019 ஜூலையில் அவர்களை வெளியேற்ற முயன்றபொழுது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இறுதியில் 2020 டிசம்பரில், ஏறக்குறைய 3 கோடி நியூசிலாந்து டாலர் கொடுத்து அரசே நிலத்தை வாங்கிற்று. வீட்டுத் திட்டம் நின்றது. அந்நிலத்தை என்ன செய்வது என்பதைக் கூடிப் பேச, ஊராரும் இடம்பெறும் குழு ஒன்றை அமைக்க உடன்பட்டார்கள்.