நூல் அறாத பந்தி

இன்றைய உரைக்குப் பொருள் பந்தி. தமிழகத்தார் பத்தி என்பதை இலங்கைத் தமிழ் பந்தி என்று வழங்குகிறது; வரிசை என்பதே அச்சொல்லின் பொருள், விருந்தில் அமரும் வரிசைக்கும் அதுவே பெயர். ஆயினும் கல்முனைக் கரையோர ஊர்களின் கந்தூரியையும் கலியாணத்தையும் அறிந்தவர்க்கு வரிசையைவிட, பெரிய உணவுத் தட்டாகிய சஹனே பொருத்தமான உவமையாகத் தோன்றும். வரிசையில் அமர்ந்தவர் தத்தம் இலையைப் பார்த்து உண்பர். சஹனைச் சுற்றி அமர்ந்தவரோ ஒரே தட்டில் கைவைத்து, அடுத்தவர் கை போகும் இடமறிந்து உண்பர். ஒரு பந்தியின் வாக்கியங்களுக்கு இருக்க வேண்டிய உறவும் அத்தகையதே.

இவ்வுறவை மேனாட்டார் வந்து கற்பித்தார்கள் என்று கருதுவோர் உளர். பந்தி பிரித்து எழுதும் வழக்கம் அச்சோடு பரவியது என்பதும், தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை நிலைபெறச் செய்தவருள் ஆறுமுக நாவலர் முதன்மையானவர் என்பதும் உண்மையே. ஆனால் தொடர்ச்சி பற்றிய சிந்தனை அச்சுக்கு மிக முந்தியது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூல் என்னும் சொல்லை விளக்கும்போது நூற்கும் தொழிலையே உவமையாக்குகிறது: சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவளது கை, அறிவு கதிர். பஞ்சு எவ்வளவு வெண்மையானதாயினும் கதிரில் முறுக்கேறாதவரை அது நூலன்று என்பதை, தறியோசை கேட்டு வளர்ந்த மருதமுனை மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நன்னூலே சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடரும் நிலை நான்கு என்கிறது. இலக்கணச் சூத்திரங்களுக்குச் சொல்லப்பட்டதாயினும், பந்தியை ஆராய்வதற்கு இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. முதலாவது ஆற்றொழுக்கு, அதாவது ஆற்று நீர்போல் இடையறாது செல்லுதல். சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் கல்லோயா நீர் சம்மாந்துறை, நிந்தவூர் வயல் வட்டைகளில் பாய்வதைப் பார்த்தவர்க்கு இது கண்கூடு: வரம்பில் வெட்டிய திறப்பாகிய வக்கடை வழியே மேல்வயல் நீர் கீழ்வயலில் இறங்குகிறது, கீழ்வயல் மேடாக இருந்தால் எத்தனை வக்கடை வெட்டினாலும் நீர் இறங்குவதில்லை. முந்தைய வாக்கியம் எங்கே விட்டதோ அந்த மட்டத்தில் அடுத்த வாக்கியம் ஏந்திக்கொள்ளாவிட்டால், இடையில் எந்த இணைப்புச் சொல்லை வைத்தும் பயனில்லை. இரண்டாவது அரிமா நோக்கம். சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பதுபோல, நடுவில் நிற்கும் ஒரு வாக்கியம் முன்னதையும் பின்னதையும் ஒருங்கே தழுவுதல். இடையிலுள்ளதைத் தாண்டிப் பொருந்துவது தவளைப் பாய்த்து. தொலைவிலிருந்து ஒரே வீழ்ச்சியில் வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு போவது பருந்தின் வீழ்வு. பின்னைய இரண்டும் தேர்ந்த கைக்கே உரியன. பள்ளிக் கட்டுரையில் தவளைகள் தேவைக்கு மேல் பாய்கின்றன.

நவீன மொழியியலும் இதே இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஹாலிடேயும் ருகையா ஹசனும் 1976இல் ஆங்கிலப் பனுவல்களின் பிணைப்பை ஆராய்ந்து வெளியிட்ட நூலில், வாக்கியங்களை இணைக்கும் வழிகளை ஐந்தாக வகுத்தனர்: முன் வந்ததைச் சுட்டுதல், அதற்குப் பதிலாக வேறொரு சொல்லை நிறுத்துதல், தெரிந்ததைச் சொல்லாமல் விடுதல், இணைப்புச் சொல்லால் தொடுத்தல், அதே சொல்லையோ இனச்சொல்லையோ மீண்டும் ஆளுதல். ஐந்தில் ஒன்றுதான் இணைப்புச் சொல். ஆனால் க.பொ.த. சாதாரண தரத்துக்குக் கட்டுரை பயிலும் பிள்ளை பெரும்பாலும் அந்த ஒன்றையே முழுமையென்று கொண்டு, மேலும், அத்துடன், ஆகவே என்பவற்றை வாக்கியந்தோறும் தலையில் ஏற்றுகிறது. தமிழுக்கோ இத்துணைச் சுமை தேவையே இல்லை. வந்து, வந்ததால், வந்தபோது என வினையெச்சங்களே கருத்தைக் கோத்துச் செல்கின்றன. வினைமுற்றின் விகுதி எழுவாயைக் காட்டிவிடுவதால் அதை வாக்கியந்தோறும் திரும்பச் சொல்ல வேண்டியதுமில்லை. கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான், 1999இல் வெளிவந்த அடிப்படைத் தமிழ் இலக்கணத்தில், இக்காலத்தவர் உண்மையில் எழுதும் தமிழையே இலக்கணத்துக்குத் தரவாகக் கொண்டார். இவ்வூர்ப் பிள்ளைகள் வாக்கிய அமைப்பைக் கற்க அந்நூலைவிட அணுக்கமான வழிகாட்டி வேண்டுவதில்லை.

எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஒரு பந்தியை அவையோர் செவிமடுப்பாராக: “மருதமுனை ஓர் அழகான ஊர். மேலும் அங்கே கைத்தறி நெசவு நடைபெறுகிறது. மேலும் மருதமுனைச் சாறன் பிரபலமானது. அத்துடன் 2004இல் சுனாமி மருதமுனையைத் தாக்கியது. ஆகவே நெசவு முக்கியமான தொழிலாகும்.” இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, செய்தியிலும் பொய்யில்லை. எனினும் ‘அழகான’ என்பது அடுத்த வாக்கியத்திலேயே கைவிடப்படுகிறது; சுனாமி எதற்காக வந்தது என்று தெரியாமலே வந்துபோகிறது; ‘ஆகவே’ என்பதற்குரிய காரணமோ எங்கும் இல்லை. இனி அதே செய்திகள்: “மருதமுனையின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுசென்றது கைத்தறி. அத்தறியில் நெய்த சாறனும் சேலையும் பல ஊர்ச் சந்தைகளுக்குப் போயின. சந்தைக்கு நெய்து கொடுத்த தறிகளுள் கடலோர வீடுகளில் இருந்தவை, 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது வீடுகளோடு அழிந்தன.” முதல் வாக்கியம் கைத்தறியில் முடிய, இரண்டாவது அதைச் சுட்டித் தொடங்குகிறது, இரண்டாவது சந்தையில் விட்டதை மூன்றாவது சந்தையிலேயே எடுக்கிறது. அறிந்ததில் தொடங்கி அறியாததில் முடிவது என்னும் ஒழுங்கு இதுவே. வினை இறுதியில் நிற்க, ஏனைய சொற்கள் இடம்பெயர இசையும் தமிழில் இவ்வொழுங்கைக் காப்பது ஆங்கிலத்தில் காப்பதைவிட எளிது. சுனாமியும் இப்போது அழையா விருந்தாளியன்று. தறியின் வழியாகவே அது பந்திக்குள் வந்திருக்கிறது. ‘அழகான’ என்பது மட்டும் போய்விட்டது. அதற்கு வேறொரு பந்தி உண்டு.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மூன்று பந்திக்கென்றே சொன்னவை போல இருக்கின்றன. தொடங்கியதை விட்டு வேறொன்றைப் பெருக்குவது மற்றொன்று விரித்தல். பொருளற்ற சொற்களை அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல். முழக்கத்தோடு தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது சென்று தேய்ந்திறுதல். மூன்றாவது குற்றத்துக்கு மேடைப்பேச்சாளர் எவரும் அந்நியர் அல்லர். ஆதலால் அதைப் பற்றி இங்கு அதிகம் பேசாதிருப்பதே பாதுகாப்பு.

ஆசிரியர்கள் வகுப்பறையில் செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை உண்டு. பிள்ளை எழுதிய கட்டுரையில் மேலும், அத்துடன், ஆகவே, எனவே ஆகியவற்றையெல்லாம் பென்சிலால் மெல்ல அடித்துவிட்டு, எஞ்சியதை உரத்து வாசிக்கச் செய்யலாம். எங்கே பொருள் சிதையாமல் செல்கிறதோ அங்கே அச்சொல் வெறும் சுமையாக இருந்தது. எங்கே வாசிக்கும் குரல் தடுக்கி நிற்கிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது. தறியில் பாவிழை அறுந்தால் நெசவாளர் நாடாவை நிறுத்திவிட்டு, அறுந்த இரு முனைகளையும் தேடிப் பிடித்து முடிகிறார். பிள்ளையும் அடுத்த வாக்கியத்தை எழுதாமல் நிறுத்தி, முந்தைய வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் அது.