படம் எடுத்தால் போதுமா? அனுப்பத் தெரிய வேண்டாமா?

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



அன்புச் சகோதரர்களே! ஆவணப்படத்தைப் பற்றிப் பேச ஒரு ஆலிம் எதற்கு என்று சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். சாட்சி சொல்பவர் யார், எப்படிச் சொல்ல வேண்டும், சொன்னவரைக் காக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையெல்லாம் மத்ரஸாவில் வருடக்கணக்கில் படித்தவன் நான். ஆவணப்படம் என்பதும் ஒரு சாட்சிதானே? அந்த உரிமையில்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். 1981 பிப்ரவரி 19. அன்று திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்று தென்காசி மாவட்டத்திலும் இருக்கும் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நான் அப்போது கைக்குழந்தை. நாடே அந்தச் சின்னக் கிராமத்தைத் திரும்பிப் பார்த்தது. தலைவர்கள் வந்தார்கள், செய்தியாளர்கள் வந்தார்கள், விசாரணைக் குழுக்கள் வந்தன. வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். தீண்டாமையால் நொந்துபோன ஒரு கூட்டம் தன் கதையைத் தன் வாயால் சொல்வதற்கு முன்பே, அந்தக் கதையைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்கு இரண்டு வீடியோகாரர்களை அழைக்கும் நம் சமுதாயத்தில், அந்த ஊர்ப் பெரியவர்களின் முன்னால் ஒரு கேமராவை வைக்க எத்தனை பேர் போனோம்? சிந்தித்துப் பாருங்கள்!

யார் எடுத்தார்கள்?

அயோத்தியை எடுத்துக்கொள்வோம். பாபர் பள்ளிவாசல் இடிக்கப்படுவதற்கு முன்பே அங்கே போய், கரசேவகர்களையும் பூசாரியையும் சாதாரண மக்களையும் பேச வைத்துப் பதிவு செய்தவர் ஆனந்த் பட்வர்தன். 'ராம் கே நாம்' என்ற அந்தப் படத்திற்கு 1992-ஆம் ஆண்டின் தேசிய விருது கிடைத்தது. சிறந்த புலனாய்வுப் படம் என்று அரசே விருது கொடுத்தது. அதே அரசின் தூர்தர்ஷனோ படத்தைக் காட்ட மறுத்தது! நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகுதான் காட்டினார்கள். அவருடைய அடுத்த படத்திற்கும் இதே கதை. உச்ச நீதிமன்றம் 2006 ஆகஸ்டில் உத்தரவிட வேண்டியிருந்தது.

குஜராத்தை எடுத்துக்கொள்வோம். 2002-இல் நடந்ததை, அங்கேயே அலைந்து திரிந்து மூன்றரை மணி நேரப் படமாக்கியவர் ராகேஷ் ஷர்மா. படத்தின் பெயர் 'ஃபைனல் சொல்யூஷன்'.

இந்த இருவரும் நம் சமுதாயத்தில் பிறந்தவர்கள் அல்லர். நமக்கு நேர்ந்ததை உலகிற்கு எடுத்துச் சொன்ன கைகள் அவர்களுடையவை. நன்றியோடு நினைக்கிறேன். கொஞ்சம் வெட்கத்தோடும்தான்.

மும்பையில் மூடிய கதவு

ராகேஷ் ஷர்மாவின் படத்திற்கு என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு இளைஞரும் தெரிந்துகொள்ள வேண்டும். திரைப்பட விழா என்றால் என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

மும்பையில் மத்திய அரசு நடத்தும் சர்வதேச ஆவணப்பட விழா ஒன்று உண்டு. 1990-இல் தொடங்கியது, ஈராண்டுக்கு ஒருமுறை வரும். அப்போது ஃபிலிம்ஸ் டிவிஷன் நடத்தியது, இப்போது என்எஃப்டிசி நடத்துகிறது. 2004 விழாவுக்கு ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். இந்தியப் படங்கள் சென்சார் சான்றிதழோடுதான் வர வேண்டுமாம். வெளிநாட்டுப் படங்களுக்கு அது தேவையில்லையாம்! சொந்த நாட்டுக்காரனுக்கு ஒரு நியாயம், விருந்தாளிக்கு ஒரு நியாயம். நூற்றுக்கணக்கான ஆவணப்படக்காரர்கள் ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். விதி திரும்பப் பெறப்பட்டது. ஆனால் தேர்வுப் பட்டியல் வந்தபோது, அரசைக் கேள்வி கேட்ட பல படங்கள் அதில் இல்லை. 'ஃபைனல் சொல்யூஷன்' படமும் இல்லை.

அவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. 2004 பிப்ரவரியில், விழா நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், மும்பை பிரபாதேவியில் பூபேஷ் குப்தா பவனில் 'விகல்ப்' என்று தனியாக ஒரு விழா நடத்தினார்கள். விகல்ப் என்றால் மாற்று. தள்ளப்பட்ட படங்களெல்லாம் அங்கே ஓடின.

அதே பிப்ரவரியில் இந்தப் படம் ஜெர்மனியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, வுல்ஃப்காங் ஸ்டவுட்டே விருதைப் பெற்றது. மும்பைக்கு ஆகாத படம் பெர்லினுக்கு ஆனது! பிறகு நம் தணிக்கை வாரியம், படம் வகுப்புப் பகையைத் தூண்டும் என்று சொல்லிச் சான்றிதழ் தர மறுத்தது. ராகேஷ் ஷர்மா என்ன செய்தார் தெரியுமா? படத்தின் விசிடியை இலவசமாகக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: வாங்குபவர் ஐந்து பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்க வேண்டும். திருட்டு விசிடியை எதிர்த்துத் திரையுலகமே கூச்சலிட்ட காலத்தில் இப்படி ஒருவர்! 2004 அக்டோபரில் தடை விலகியது.

பெர்லின் விருது குஜராத்தில் ஒரு வீட்டையும் கட்டித் தந்துவிடவில்லை. ஆனால் உலகம் பார்த்துவிட்ட ஒரு படத்தை, 'அப்படி ஒன்று நடக்கவே இல்லை' என்று சொல்லி மூடி வைப்பது கடினம். விழாவுக்கு அனுப்புவதன் பயன் அதுதான். கோப்பையும் கைதட்டலும் பிறகு.

விதியைப் படியுங்கள்

நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் நிறைய, விதிமுறைத் தாளைப் படிக்கும் பொறுமை குறைவு. ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் பொது இடத்தில் படம் காட்ட 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கை விழா நடத்துவோர் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். கதவை அடைக்க நினைப்பவர்கள் இங்கேதான் அடைப்பார்கள். செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாதமி ஆண்டுதோறும் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. 2017-இல் அந்த விழாவுக்கு வந்த மூன்று படங்களுக்கு அமைச்சகம் விலக்கு தரவில்லை. ஒன்று ரோஹித் வெமுலாவைப் பற்றியது, ஒன்று காஷ்மீரைப் பற்றியது, ஒன்று ஜேஎன்யூ மாணவர்களைப் பற்றியது. 2019-இல் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' படத்திற்கும் விலக்கு கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஆம்ஸ்டர்டாம் விழாவில் சிறந்த முழுநீள ஆவணப்படம் என்ற பரிசை வென்ற படம் அது! கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்த பிறகே திருவனந்தபுரத்தில் ஓடியது.

வெளிநாட்டு விழாக்களுக்கு நம் சென்சார் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அவர்களுக்கும் சட்டதிட்டம் உண்டு. முக்கியமானது முதல் காட்சி. பெரிய விழாக்கள் பல, வேறெங்கும் பொதுவில் காட்டப்படாத படத்தைத்தான் கேட்கும். முடித்த அன்று இரவே யூடியூபில் ஏற்றிவிட்டு மறுநாள் விண்ணப்பம் போட்டால், பாதிக் கதவுகளை நீங்களே பூட்டிவிட்டீர்கள் என்று பொருள். தேர்வுக் குழு பார்ப்பதற்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பைக் கொடுத்தால் போதும்.

அடுத்து ஆங்கில வசன வரிகள். தறி ஓடும் சத்தத்தில் ஒரு தொழிலாளி பேசுவது நமக்கே பாதிதான் கேட்கும். பெர்லினில் இருப்பவருக்கு என்ன கேட்கும்? வரிக்கு வரி ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அப்புறம் பாட்டு. நாகூர் ஹனிஃபா அவர்களின் பாட்டைப் பின்னணியில் ஓட விட்டால் நமக்குக் கண் கலங்கும். உரிமை வாங்கிய கடிதம் எங்கே என்று விழாக்காரர் கேட்பார். அனுமதி இல்லாத இசையை எடுத்துவிடுங்கள். கதைச் சுருக்கம், நிழற்படங்கள், எடுத்தவர் குறிப்பு, படத்தின் நீளம், முடித்த ஆண்டு, இவ்வளவும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். கட்டணம் டாலரிலோ யூரோவிலோ இருக்கும். கடைசி வாரத்தில் கூடும், முன்கூட்டி அனுப்பினால் குறையும்.

ஓர் எச்சரிக்கை. 'சர்வதேசம்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அரங்கமும் இல்லாமல், பார்வையாளரும் இல்லாமல், மாதா மாதம் விருது கொடுக்கும் கடைகள் இணையத்தில் ஏராளம். கட்டணம் கட்டினால் இலைவளையம் போட்ட ஒரு சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். அதை ஃபிளெக்ஸ் அடித்துப் பேருந்து நிலையத்தில் வைக்கலாம், அவ்வளவுதான். ஒரு விழா எத்தனை ஆண்டாக நடக்கிறது, எந்த அரங்கில் நடக்கிறது, போன ஆண்டு எந்தப் படங்கள் ஓடின என்று விசாரியுங்கள். ஆம்ஸ்டர்டாம் விழா 1988 முதல் நடக்கிறது. ஜப்பானில் யமகதா விழா 1989 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை. அங்கே ஆசியப் படங்களுக்கு ஒகாவா ஷின்சுகே பெயரில் ஒரு பரிசு தருகிறார்கள். அவர் யார் தெரியுமா? விவசாயிகளைப் படமெடுக்கப் போய், அவர்களோடு பத்தாண்டுக்கு மேல் தங்கி, நெல் பயிரிட்டுக்கொண்டே படம் எடுத்தவர். நம் பிள்ளைகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்கிறார்கள்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் மேடை முழக்கத்தை அப்படியே ஒளிப்பதிவு செய்து அனுப்பினால் எந்த விழாவும் எடுக்காது. என் பேச்சு உட்பட! 2022-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவிலும் பிரான்சின் கான் விழாவிலும் பரிசு வென்ற 'ஆல் தட் பிரீத்ஸ்' படத்தைப் பாருங்கள். டெல்லியில் அடிபட்டு விழும் பருந்துகளுக்கு மருத்துவம் செய்யும் இரண்டு முஸ்லிம் சகோதரர்களின் கதை. எடுத்தவர் ஷௌனக் சென். அவர்கள் கோஷம் போடவில்லை, பறவைக்குக் கட்டுப் போடுகிறார்கள். வெளியே நகரம் கொந்தளிப்பது தூரத்துச் சத்தமாக வந்து போகிறது. அந்தக் குடும்பத்தின் கவலை பார்ப்பவனுக்குப் புரிந்துவிடுகிறது.

பேசியவருக்கு யார் பொறுப்பு?

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். நம் இளைஞர்கள் சிலர் சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளரைப் பற்றி 28 நிமிடப் படம் எடுத்திருக்கிறார்கள். பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. அதில் ஒரு தாய் கூலியைப் பற்றிப் பேசுகிறார். வாங்கிய முன்பணத்தைப் பற்றிப் பேசுகிறார். முகம் தெரிகிறது, அவர் வேலை செய்யும் தறிக்கூடமும் தெரிகிறது. முதலாளிமாரில் நம் ஜமாஅத்தாரும் இருக்கிறார்கள். அந்த இடத்தை வெட்டிவிடலாமே, சமுதாயத்தின் பெயர் கெடுமே என்று என்னிடம் தூது வந்தது.

வெட்டக் கூடாது என்பது என் கருத்து. பிறர் நமக்குச் செய்ததை மட்டும் சொல்லி, நம்மவர் பிறருக்குச் செய்ததை மறைத்தால் அது சாட்சியாகாது. ஆனால் முதலாளியின் முகம் வாடுமே என்பதற்காக வெட்ட மறுக்கும் அதே கண்டிப்போடு, அந்தத் தாயிடம் திரும்பப் போய்க் கேட்கவும் வேண்டும்.

'ராம் கே நாம்' படத்தில் பூசாரி லால்தாஸ் பேசுகிறார். நீதிமன்றம் நியமித்த பூசாரி. கோயில் பெயரால் நடக்கும் அரசியலையும் பண வசூலையும் கேமராவுக்கு முன்னால் துணிந்து கண்டித்தார். 1992-இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் பேசியதற்காகக் கொன்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு எடுத்தவர்கள் ஊர் திரும்பிய பிறகும், பேசியவர் அதே தெருவில்தான் குடியிருக்கிறார் என்பதைச் சொல்ல வருகிறேன்.

அந்தத் தாய் பேட்டி கொடுத்தபோது, 'பசங்க ஏதோ எடுக்கிறாங்க' என்றுதான் நினைத்திருப்பார். ஆம்ஸ்டர்டாம் என்றால் அவருக்கு என்ன தெரியும்? அங்கே யாரும் அவரை அடையாளம் காணப் போவதில்லை. பரிசு கிடைத்துப் பத்திரிகையில் படம் வந்தால் இங்கே காண்பார்கள். திங்கட்கிழமை தறிக்குப் போகும்போது, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? கையெழுத்து வாங்கிவிட்டோம் ஹஜ்ரத் என்று ஒரு தம்பி காகிதத்தைக் காட்டினார். காகிதம் விழாக்காரருக்குப் போதும்.

ஆகவே முதல் காட்சி அவருடைய வீட்டிலேயே நடக்கட்டும். நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பது பொதுக்காட்சி ஆகாது, விழாவின் விதிக்கும் குறுக்கே வராது. படம் எங்கெல்லாம் போகலாம், யாரெல்லாம் பார்க்கலாம் என்று விளக்கிச் சொல்லுங்கள். அவர் மகனும் உடன் இருக்கட்டும். முகம் வேண்டாம் என்றால் முகத்தை எடுங்கள், குரல் மட்டும் போதும். முழுவதும் வேண்டாம் என்றால், படத்தின் சிறந்த மூன்று நிமிடம் போகிறதே என்று அவரிடம் வாதாடக் கூடாது. பேச்சு இருக்கட்டும் என்று அவர் சொன்னால், அதனால் வேலை போனால் அவருக்காகப் பேச ஜமாஅத்தும் நம் கிளையும் முன்னால் நிற்க வேண்டும். அந்த உறுதியைக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். தறி முதலாளிகளில் ஒருவரையும் போய்ப் பாருங்கள். நூல் விலை, மின் கட்டணம், சேலை தேங்கிக் கிடப்பது என்று அவருக்கும் சொல்ல இருக்கும். அவர் பேச மறுத்தால், மறுத்தார் என்று படத்திலேயே ஒரு வரி போடுங்கள்.

முதலில் திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம் என்பது என் யோசனை. அருகில் இருக்கிறது. தேர்வானால் அந்தத் தாயையும் குடும்பத்தோடு அழைத்துப்போய் அரங்கில் உட்கார வைக்கலாம். ஆம்ஸ்டர்டாம் விசாவுக்கு அலைய வேண்டியதில்லை. விண்ணப்பக் கட்டணத்தைக் கிளை நிதியிலிருந்து தருவதற்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். வசன வரிகள்தான் பாக்கி. நம் ஊர்ப் பேச்சும் தறிக்கூடத்துச் சொற்களும் தெரிந்த, ஆங்கிலம் நன்றாக எழுதக்கூடிய இரண்டு பேர் வேண்டும். கல்லூரியில் படிக்கும் நம் சகோதரிகள் செய்வதாக இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். பெயர் கொடுப்பவர்கள் மஃரிபுக்குப் பிறகு கிளை அலுவலகத்தில் கொடுங்கள்.