தாய் ஊரைக் கூட்டியிருந்தால்

கதையைத் திருத்துவது என்பது சந்திப்பிழை களைவதும் அடைமொழியைக் குறைப்பதும் மட்டுமன்று. கதை எந்தத் தீர்மானத்தின் மேல் நிற்கிறதோ அந்தத் தீர்மானத்தையே எழுதியவர் மறுபடி விசாரிப்பதுதான் திருத்தம் என்பதற்கு ஜெயகாந்தனே பெருஞ்சான்று. 1934-இல் கடலூரில் பிறந்த அவர், சிறுவனாக வீட்டை விட்டு வந்து, காணைக்குப் பக்கத்தில் இருக்கும் விழுப்புரத்தில் மாமன் நிழலில் தங்கித்தான் பாரதியையும் பொதுவுடைமையையும் அறிந்தார். சென்னைதான் அவரை ஆளாக்கியது என்போர் விழுப்புரத்தை ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள்; படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்ட பிள்ளைக்குப் பாரதியைக் காட்டிய அந்த மாமனுக்கு இந்த வட்டாரம் கைதட்டாமல் வேறு யார் தட்டுவார்கள்?

1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது ‘அக்கினிப் பிரவேசம்’. மழை பெய்யும் மாலையில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரிப் பெண், அவனிடம் சிக்கிச் சீரழிந்து வீடு திரும்புகிறாள். விவரம் அறிந்த தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று தேற்றி, செய்தியை அந்த வீட்டுக்குள்ளேயே புதைத்துவிடுகிறாள். படித்தவர்கள் கொதித்தார்கள், ஏசியவர்கள் எத்தனையோ பேர்.

ஒரே மூச்சில் எழுதியதாகவும் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை என்றும் மார்தட்டுகிற சிலர் இன்றும் மேடைதோறும் வலம் வருகிறார்கள். எழுதியதைத் தொட அஞ்சுவதைத் திறமை என்று இளைஞர்களுக்குக் கற்பிக்கும் அவர்கள் செய்யும் கேடு கொஞ்சநஞ்சமன்று. விழுப்புரத்து மாமன் வளர்த்த பிள்ளைக்கு அந்த அச்சம் இருந்ததில்லை. ஏசியவர்களுக்காக அவர் தாயின் மன்னிப்பைத் திரும்பப் பெறவில்லை. அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, அந்த ஒரு செயலை மட்டும் மாற்றி, அதன் விளைவை ஒரு நாவலின் கடைசிப் பக்கம் வரை துரத்தினார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, 1970-இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலான அந்தப் படைப்பு 1972-இல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது.

அண்ணன் வீட்டை விட்டுத் துரத்திய நாவலின் நாயகி கங்கா, படித்து வேலைக்குப் போய், ஆண்டுகள் பல கழித்து அந்தக் காருக்கு உரியவனையே தேடிப் போகிறாள். இதில் கூர்ந்து நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு: நாவலுக்குள் ஆர்.கே.வி. என்றொரு எழுத்தாளர் வருகிறார். ‘அக்கினிப் பிரவேசம்’ அவர் எழுதிய கதையாகவே அங்கே இடம்பெறுகிறது. கங்கா அதைப் படிக்கிறாள். தாய் தண்ணீர் ஊற்றிய பழைய வடிவத்தை, தாய் ஊரைக் கூட்டியதால் வாழ்விழந்தவளின் கையிலேயே கொடுத்துப் படிக்க வைப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பழைய படியைக் கிழித்தெறியாமல், புதிய படிக்குள் அதையே சாட்சியாக நிறுத்தியது மாமன் வீட்டுப் பிள்ளையின் துணிவு. 1978-இல் ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று அதே வாழ்வை அவர் மூன்றாம் முறையும் தொட்டார்.

காணையில் கதை எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் அந்தச் சிறுகதையையும் நாவலையும் அருகருகே வைத்து, தாயின் கை ஓங்கும் இடத்திலிருந்து இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்பதை வரிவரியாகத் தாளில் குறித்துக்கொண்டு படிக்க வேண்டும்.