காதலர் கையுறை



திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்க்கரையில், ஒரு புறம் வங்கக் கடலும் மறு புறம் பழவேற்காட்டு ஏரியும் அமைய, நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். 1859ஆம் ஆண்டில் அக்கரையில் எழுந்த கலங்கரை விளக்கமே ஊருக்குப் பெயரும் ஆயிற்று. பிப்ரவரித் திங்களில் அவ்வேரியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நின்று இரை தேடும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும்.

பிப்ரவரிக்கும் பறவைக்கும் மேலைநாட்டு இலக்கியத்தில் ஒரு தொடர்பு உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலப் புலவர் சாசர், புனித வாலண்டைன் திருநாளில் பறவைகள் கூடித் தத்தம் துணையைத் தேர்ந்துகொள்வதாக ஒரு காவியம் பாடினார். அந்நாளைக் காதலோடு இணைத்த மிகப் பழைய பாடல்களுள் அதுவும் ஒன்று. பறவைகளின் நாள் பிற்காலத்தில் மனிதரின் நாளாயிற்று. மடல் எழுதும் வழக்கமும், மலர் தரும் வழக்கமும், பின்னர்க் கடையில் வாங்கித் தரும் வழக்கமும் அதனோடு வந்து சேர்ந்தன.

ஆயினும் எல்லா நாட்டிலும் இவ்வழக்கம் ஒரே வடிவில் இல்லை. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்களே ஆண்களுக்குச் சாக்லேட் தருவர். ஆண்கள் கைம்மாறு செய்வதற்கென்று மார்ச் 14ஆம் நாளை மிட்டாய் வணிகர்கள் 1980 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். காதலனுக்குத் தருவது ஒரு வகை. அலுவலகத்தில் உடன் பணிபுரிவோருக்குக் கடமைக்காகத் தருவது மற்றொரு வகை. பிரேசில் நாட்டில் காதலர் நாள் ஜூன் 12. விற்பனை மந்தமாயிருந்த ஜூன் மாதத்துக்கு உயிரூட்ட விளம்பரத் துறையினர் 1940களின் இறுதியில் செய்த ஏற்பாடு அது. மணம் கூட்டிவைக்கும் அருளாளர் என்று மக்கள் போற்றும் புனித அந்தோணியாரின் திருநாளுக்கு முந்திய நாளாதலால் எளிதில் வேரூன்றிவிட்டது. ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் ஏப்ரல் 23 அன்று ஆடவர் ரோஜா மலர் தர, பெண்டிர் புத்தகம் தருவது மரபு. மலர் பழைய வழக்கம். புத்தகம் இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

பழவேற்காட்டில் 1613இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரரின் தாய்நாட்டிலும் இத்தகைய வழக்கம் ஒன்று இருந்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் வரும் புனித நிக்கோலஸ் திருநாளில், மரஅச்சில் அழுத்தி மனித உருவாகச் சுட்ட மசாலா ரொட்டியை இளைஞன் தான் விரும்பிய பெண்ணுக்கு அளிப்பான். வேல்ஸ் நாட்டு இளைஞர்களோ மரக்கரண்டியில் சித்திரம் செதுக்கிக் கொடுத்தனர். 1667ஆம் ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் மதிப்பு மரத்தில் இல்லை. செதுக்கிய கையில் இருக்கிறது.

இனி நம் கரைக்கு வருவோம். மேலே சொன்ன நாடுகளிலெல்லாம் ஒருவர் மற்றொருவருக்குத் தருகிறார். நம் நாட்டிலோ ஒரு வீடு மற்றொரு வீட்டுக்குத் தருகிறது. ஆடிச் சீர், தலைதீபாவளிச் சீர், பொங்கல் சீர் என மணமான முதல் ஆண்டு முழுவதும் பெண் வீட்டிலிருந்து தட்டுகள் செல்கின்றன. இதில் அன்பு இல்லையென்று எவரும் சொல்லார். புகுந்த வீட்டில் தனித்திருக்கும் மகளுக்கு, 'உன்னை மறந்தோமில்லை' என்று தாய் வீடு சொல்லும் சொல் அது.

ஆனால் இந்நாட்கள் பெரும்பாலும் உழவரின் ஆண்டுக் கணக்கை ஒட்டி அமைந்தவை. ஆடி விதைப்புக் காலம். தை அறுவடைக் காலம். கடலின் கணக்கு வேறு. தீபாவளி வரும் ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் படகு கரையேறிக் கிடக்க வேண்டியதே. கையில் காசு வருமென்ற உறுதி குறைந்த காலத்தில், கரையோரத்துத் தந்தை ஒருவன் மருமகனுக்கு மோதிரமும் பட்டும் எடுக்க வேண்டியவனாகிறான். அவ்வாறு எடுத்தது வட்டிக் கடனாயின், வலையில் முதலில் விழுவது மீன் அன்று, அவனே.

நெய்தல் நிலத்தின் பழைய மரபு இதுதானா? சங்க அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தரும் பரிசுக்குக் 'கையுறை' என்று பெயர். பூவும் தழையுமே அக்கையுறை. பொருளால் எளியது, ஆனால் பொருளுணர்த்துவதில் பெரியது. அதை ஏற்றால் அவன் அன்பை ஏற்றதாகும். தழையை உடுத்தால் தாய்க்கு அஞ்ச வேண்டும், திருப்பித் தந்தால் அவன் துயரத்துக்கு அஞ்ச வேண்டும் என்று ஒரு பெண் கலங்குவதை நற்றிணை 359ஆம் பாட்டில் கபிலர் காட்டுகிறார். குறுந்தொகையின் முதற்பாட்டோ, தோழி கையுறையை மறுக்கும் பாட்டு. நற்றிணை 45ஆம் பாட்டில், பரதவர் மகளை நாடித் தேர்ச் செல்வனின் மகன் வருகிறான். மீன் உணக்கும் எங்கள் வாழ்வுக்கும் உன் பெருமைக்கும் பொருத்தமில்லை என்று தோழி நிமிர்ந்து நின்று கூறிவிடுகிறாள். மீன் நாற்றத்தை அவள் மறைக்கவுமில்லை, அதற்காக நாணவுமில்லை.

இங்கே நாம் கருத வேண்டிய உண்மை ஒன்றுண்டு. மறுக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் பரிசு, பரிசாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டமும் இக்கோட்டையே கிழித்திருக்கிறது. கேட்டு வாங்குவது குற்றம். கேளாமல், வழக்கப்படி, தருவோர் நிலைக்கு மிகாமல் அளித்து, பட்டியலில் எழுதிவைத்த அன்பளிப்பு குற்றமன்று. ஆனால் வாயால் கேளாமல் வழக்கத்தின் வாயால் கேட்பதைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்? 'நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?' என்னும் சொல்லில் எத்தனை படகுகள் அடகு போகின்றன!

மேலைநாட்டுக் காதலர் நாள் வணிகரின் வலை என்று நாம் குறை கூறுகிறோம். அக்குறையில் உண்மை உண்டு. கடமைச் சாக்லேட் சுமையாகிவிட்டது என்று ஜப்பானியரும் கூறத் தொடங்கியுள்ளனர். அதைக் கைவிடுங்கள் என்று 2018இல் ஒரு சாக்லேட் நிறுவனமே நாளேட்டில் விளம்பரம் செய்தது. அங்கே விளம்பரம் செய்யும் வேலையை இங்கே உறவினர் வாய் செய்கிறது. ஆகவே, எந்த நாட்டு வழக்கம் உயர்ந்தது என்று வழக்காடுவதில் பயனில்லை.

சீர்த்தட்டை அடியோடு ஒழிக்க வேண்டுமென்பதன்று என் கருத்து. தட்டு இருக்கட்டும், அதன் எடையைப் பெறுவோர் குறைக்கட்டும். தருபவர் தாமே குறைத்தால் கஞ்சத்தனம் என்பார்கள். பெறுபவர் குறைத்தால் அது பெருந்தன்மை. பழவேற்காட்டு மகளிர் பனையோலையால் முடையும் பெட்டி ஒன்றில் கொஞ்சம் பழமும் பூவும் வைத்து அனுப்பினாலும், மகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி குறைவின்றிச் சென்று சேரும். 'இவ்வாண்டு கடல் சரியில்லை, மாமா. மோதிரம் வேண்டா, நீங்கள் வந்தால் போதும்' என்று ஒரு மருமகன் முந்திக்கொண்டு சொல்வானாயின், அவன் மனைவிக்கு அதனினும் சிறந்த கையுறை வேறொன்றில்லை.