வெத்தல பச்சை, வாய் ஏன் சிவப்பு?

இன்னைக்கு எபிசோடு எங்க ஆத்தூர்ல ஆரம்பிக்குது. தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் போற வழியில, தாமிரபரணிக் கரையில இருக்கிற ஊர். இந்த ஊர் வெற்றிலைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது.

போன மாசம் ஃபேமிலி குரூப்ல ஒரு ரீல் வந்துச்சு. வெற்றிலையோட பச்சை நிறமி இன்ஃப்ளமேஷனை, அதாவது அழற்சியைக் குறைக்குமாம். ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியால, அம்பது வருசமா நா மருந்துதாம்ல போடுதேன்!" ஆனா அதே ஆச்சிக்கு இப்போ மீன் குழம்பு நாக்குல பட்டாலே வாய் எரியுது. இட்லியைச் சின்னச் சின்னதா பிச்சுத்தான் சாப்பிடுறாங்க.

ரீல்ல சொன்னது முழுப் பொய்யான்னா, இல்லை. வெற்றிலையில குளோரோஃபில் இருக்கு, ஹைட்ராக்ஸிசாவிகால்னு ஒரு பொருளும் இருக்கு. வெற்றிலைச் சாறு அழற்சியைக் குறைக்கறதை ஆய்வகத்துல செல்கள்லயும் எலிகள்லயும் பார்த்திருக்காங்க. ஆனா ஆச்சி வெறும் இலையையா மெல்லுறாங்க? கூடவே பாக்கும் சுண்ணாம்பும் இருக்கே!

சரி, இலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை. அப்போ வாய் ஏன் சிவக்குது? ஆரத்தித் தட்டை நினைச்சுப் பாருங்க. மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கும். சுண்ணாம்போட காரத்தன்மை குர்குமின் நிறத்தையே மாத்திடுது. வாய்க்குள்ள மாறுறது பாக்குல இருக்கிற பாலிஃபீனால். சுண்ணாம்பு பட்டதும் அது ஆக்சிஜனோட சேர்ந்து சிவப்பாகுது. அந்த வினையிலேயே செல்லைத் தாக்கக்கூடிய ஆக்சிஜன் மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகுது. பாலிஃபீனால்னாலே ஆன்டிஆக்ஸிடன்ட்னு படிச்சிருப்போம். சுண்ணாம்போட சேர்ந்தா அது நேரெதிரா வேலை செய்யுது. தனியா டெஸ்ட்ல பாஸ் ஆன கோடு, புரொடக்‌ஷன்ல போய் சிஸ்டத்தையே சாய்க்கிற மாதிரி!

தினமும் இது நடந்தா வாய்க்குள்ள அழற்சி ஆறவே ஆறாது. பாக்குல இருக்கிற அரிக்கோலின் வேற, கன்னத்து உள்சதையில நார் மாதிரி கொலாஜனைச் சேர்க்குது. சதை விறைச்சு, வாய் திறக்கிற அளவு குறையும். இது புற்றுநோயாவும் மாறலாம். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லயே சொல்லிடுச்சு. ஆபீஸ் கீழ பெட்டிக்கடையில வாங்குற பாக்குப் பொட்டலமும் இதுல சேர்த்திதான்.

ஆச்சியைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வாய்க்குள்ள நார் கட்ட ஆரம்பிச்சிருக்காம். பாக்கை உடனே நிறுத்தச் சொன்னார். வர்ற வழியில ஆச்சி பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் செல்லத்தைத் திறந்து பாக்கை எல்லாம் எடுத்துக் கொட்டினாங்க. இலையை மட்டும் என் கையில குடுத்தாங்க. "ரசத்துல போடுல."

உங்க வீட்டுலயும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. வாயைத் திறந்து மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா நுழைக்க முடியணும். முடியலைன்னா, இல்ல வாய்ப்புண் ரெண்டு வாரத்துல ஆறலைன்னா, நேரா பல் டாக்டர்கிட்ட போங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!