சிறு முற்றத்தில் ஓர் இளஞ்சிவப்பு ரோஜா

(ஊரக மகளிர்க்கான வீட்டுத் தோட்டப் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டுத் தோட்டம் என்றதும் கத்தரி, வெண்டை, அவரை, முருங்கை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அது முறையே. ஆயினும் வாசற்புறத்திலோ கிணற்றடியிலோ மூன்றடிச் சதுரம் வெற்றிடம் இல்லாத வீடு அரிது. அத்துணைச் சிறிய இடத்திற்கும் ஏற்ற ஒரு மலர்ச்செடியைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். மூன்றடி உயரத்திற்குள் அடக்கமாக வளர்ந்து, இளஞ்சிவப்பு மலர்களை ஒரு காம்புக்கு ஒன்றாகத் தரும் கலப்பின ரோஜாவே அது. நாற்றுப் பண்ணைகளில் 'ஹைப்ரிட் டீ' என்று வழங்குவது இவ்வினந்தான்.

இதைத் தனியாக எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சந்தையிலோ தெருவிலோ, பையில் பூத்து நிற்கும் ரோஜாச் செடியைக் கண்டு பலர் ஆசையுடன் வாங்கி வருகின்றனர். இரண்டு மாதம் பூக்கிறது. பிறகு சில செடிகள் காய்ந்து போகின்றன. சில, பூவே இல்லாத முட்புதராக ஓங்கி வளர்கின்றன. "எங்கள் மண்ணுக்கு ரோஜா வராது" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மண்ணுடையது அன்று. நாம் வாங்குவது ஒரு செடி அன்று, இரண்டு செடிகள் என்பதை அறியாமையே இழப்புக்கு முதற் காரணம். அதை விளக்கிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இனத்தின் பிறப்பு

சீனத்திலிருந்து மேலை நாடுகளுக்குச் சென்ற தேயிலை ரோஜாக்கள் ஆண்டில் பல முறை பூக்கும். ஆனால் கடுங்குளிரைத் தாங்கா. ஐரோப்பியத் தோட்டங்களின் ரோஜாக்கள் வலிமை மிக்கவை. இவ்விரு குலங்களும் கலந்து பிறந்ததே கலப்பினத் தேயிலை ரோஜா. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கீயோ என்னும் தோட்டக்காரர் 1867-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லா பிரான்சு' என்னும் ரோஜாவே இவ்வினத்தின் முதல் மலராகப் போற்றப்படுகிறது. அதுவும் நறுமணம் கமழும் இளஞ்சிவப்பு மலரே.

நம் நாட்டில் இக்கலையை வளர்த்தவர்களுள் தலையாயவர் டாக்டர் பி. பி. பால். கோதுமை ஆராய்ச்சியில் புகழ் பெற்ற இவ்வறிஞர், 1965-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானார். பசி தீர்க்கும் பயிருக்கு உழைத்த அவரே, நம் நாட்டு வெயிலுக்கு இசைந்த ரோஜா இரகங்கள் பலவற்றையும் உருவாக்கினார். புது டெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தந்த 'மிருணாளினி' இளஞ்சிவப்பு இரகங்களுள் ஒன்று.

உதகையில் 1995-இல் அமைக்கப்பட்ட அரசு ரோஜாத் தோட்டம், 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பினால் சிறந்த தோட்டமாகப் பாராட்டப் பெற்றது. மலையின் குளிர் இச்செடிக்கு உகந்தது என்பது உண்மையே. சமவெளியிலும் இது வாழும். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் பூ சிறுத்து நிறம் வெளுக்கும். அது நோய் அன்று, பருவத்தின் இயல்பு. மழைக்குப் பின் வரும் குளிர் மாதங்களே சமவெளி ரோஜாவின் நல்ல காலம்.

ஒன்றில் இரண்டு

பன்னீர் ரோஜாவைக் குச்சி நட்டு வளர்க்கிறோம். அதன் வேரும் பூவும் ஒரே செடியுடையவை. கலப்பின ரோஜாவோ பெரும்பாலும் கண் ஒட்டு முறையில் வளர்க்கப்படுகிறது. வலிய வேருடைய வேறொரு ரோஜாவின் தண்டில் பட்டையைக் கீறி, நாம் விரும்பும் இரகத்தின் ஒரு கணுமொட்டை அதில் செருகிக் கட்டுகிறார்கள். மொட்டு ஒட்டிக்கொண்டபின், வேர்ச்செடியின் மேற்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். ஆகவே மண்ணுக்கு அருகே தண்டில் ஒரு புடைப்பு காணப்படும். அதற்கு மேலுள்ளது நம் இளஞ்சிவப்பு ரோஜா. கீழுள்ளது அதைத் தாங்கும் வேர்ச்செடி.

இந்த வேர்ச்செடி வாளாவிருப்பதில்லை. புடைப்புக்குக் கீழிருந்தும், சில வேளைகளில் மண்ணுக்கு அடியிலிருந்தும், தளிர் விடும். அத்தளிர் விரைந்து ஓங்கும். பார்க்கச் செழிப்பாக இருக்கும். "செடி நன்றாக வருகிறது" என்று மகிழ்ந்து நீர் ஊற்றுவோம். அதுவோ மேலுள்ள ரோஜாவுக்குச் செல்ல வேண்டிய உணவைத் தானே உண்டு, ஓராண்டில் அதை அழித்துவிடும். பூவற்ற முட்புதர் உண்டாவது இவ்வாறுதான்.

எனவே வாரம் ஒரு முறை செடியின் அடியைப் பாருங்கள். இலைகளை எண்ணி அடையாளம் காண முயல வேண்டாம். அது எப்போதும் சரியாகாது. தளிர் எங்கே பிறக்கிறது என்பதையே பாருங்கள். புடைப்புக்குக் கீழே பிறந்தால், மண்ணை விலக்கி, பிறந்த இடத்தோடு பிய்த்து எடுங்கள். மேலோடு கத்தரித்தால் ஒன்றுக்கு இரண்டாக முளைக்கும். புடைப்புக்கு மேலே பிறப்பது நம் செடியின் புதுக்கிளை; அதைக் காப்பாற்றுங்கள்.

வாங்குதலும் நடுதலும்

பூவைப் பார்த்து வாங்காதீர்கள், தண்டைப் பாருங்கள். ஒட்டு நன்கு கூடி, அதன் மேல் இரண்டு மூன்று உறுதியான கிளைகள் இருக்க வேண்டும். இலையில் கரும்புள்ளி உள்ளதை ஒதுக்குங்கள். இயன்றால் வளர்ந்த தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். ஆறடி ஓங்கும் இரகம் சிறு முற்றத்திற்கு ஆகாது.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் விழும் இடம் வேண்டும். காலை வெயிலும், கோடைப் பிற்பகலில் சற்று நிழலும் கிடைத்தால் மிக நன்று. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்துச் சில நாள் வெயிலில் ஆறவிடுங்கள். இரண்டு பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழுஉரமும், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். களிமண்ணாயின் மணலும் சேர்க்க வேண்டும். ஒட்டுப் புடைப்பு மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரியுமாறு நடுங்கள். அது புதைந்துவிட்டால் கீழ்த்தளிரைக் கண்டறிய இயலாது.

நிலமில்லாதவர்கள் ஓரடி அகலமும் ஆழமும் உள்ள தொட்டியில் வளர்க்கலாம். அடியில் துளை இருக்கட்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் அதில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு அங்கேதான் முட்டையிடும்.

நீர்

அன்பு மிகுதியால் ரோஜாவைக் கொல்பவர் பலர். அடிமண்ணில் ஓர் அங்குலம் விரலை நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டா. ஊற்றும்போது காலையில், அடியில், ஆழமாக ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம். கரும்புள்ளி நோயின் பூசணம் முளைக்க, இலை சுமார் ஏழு மணி நேரம் நனைந்திருந்தால் போதும். மாலையில் தெளித்த நீர் இரவெல்லாம் அதற்கு இடந்தருகிறது. அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை ஊற்றலாம். சோப்பு நீர் கூடாது. நிலக்கடலைத் தோலோ சருகோ கொண்டு தண்டைத் தொடாமல் மூடாக்கு இட்டால் நீர்ச்செலவு குறையும்.

கவாத்து

தாய்மார்கள் பலர் இதற்கு மட்டும் அஞ்சுகிறார்கள். பூத்த செடியை வெட்டுவதா என்று கை நடுங்குகிறது. கலப்பின ரோஜா புதுக்கிளையில்தான் பூக்கும்; வெட்டாத செடி கிளைத்துச் சோர்ந்து சிறுபூவே தரும். சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், மழை விட்ட ஒரு நாளில், வலிய கிளைகளைப் பாதி உயரத்திற்கு வெட்டுங்கள். உலர்ந்தவை, நோயுற்றவை, ஒன்றன்மேல் ஒன்று உரசுபவை ஆகியவற்றை அடியோடு நீக்குங்கள். வெளிப்புறம் நோக்கிய கணுமொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்ட வேண்டும்.

வெட்டுவாய் வழியே நுனிக்கருகல் நோய் இறங்கக்கூடும். 10 கிராம் மயில்துத்தத்தையும் 10 கிராம் சுண்ணாம்பையும் தனித்தனியே 50 மில்லி நீரில் கரைத்து, பின்பு ஒன்றாகக் கலந்தால் போர்டோ பசை கிடைக்கும். அதை வெட்டுவாயில் தடவுங்கள். மயில்துத்தம் நஞ்சு, இரும்புப் பாத்திரமும் சமையற் பாத்திரமும் ஆகா. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கவாத்துக்குப் பின் ஐந்து கிலோ மக்கிய தொழுஉரம் இட்டு நீர் பாய்ச்சினால் ஆறு ஏழு வாரங்களில் செடி மீண்டும் பூக்கும்.

எச்சரிக்கைகள் இரண்டு

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சத்தை ரோஜாவுக்குத் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். இப்பூவைக் குழந்தைகள் முகர்கிறார்கள், பெண்கள் சூடுகிறார்கள், அருகிலேயே கீரைப்பாத்தி இருக்கிறது. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரிப்பதும், தண்டில் ஒட்டிய செதில் பூச்சியை மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சால் துடைப்பதும் ஒரு செடிக்குப் போதுமானவை.

மற்றொன்று, இது வருவாய்க்கு என்று நம்பி நிலத்தை ஒதுக்காதீர்கள். எடைக்கு விற்கும் உதிரிப்பூவுக்குச் சமவெளியில் பன்னீர் ரோஜாவே ஏற்றது. ஓசூர்ப் பகுதியில் பசுமைக்குடிலில் விளையும் கொய்மலர், பெருமுதல் கோரும் தனித்தொழில். நாம் சொல்லும் செடி வீட்டின் மகிழ்ச்சிக்கு உரியது.

தாய்மார்களே! ஊருக்கு ஒருவர் ஒட்டுப் புடைப்பை அடையாளம் காட்டக் கற்றால், அத்தெருவில் எந்த ரோஜாவும் முட்புதராகாது. உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு செடியை நடுவில் வைத்து, புடைப்பையும் கீழ்த்தளிரையும் மற்றவர்களுக்குக் காட்டுங்கள். இவ்வாண்டு ஒரு வீட்டிற்கு ஒரு செடி போதும். அதைக் காப்பாற்றிய பின்னரே இரண்டாவதை வாங்குங்கள்.